பாலத்தடி வளைவுக்கு ஆள் இல்லை

பொறாமை என்பது சின்ன மனசுக்காரர்களுக்கு வரும் வியாதி என்றுதான் கண்ணாடிக்காரர் ஐம்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்காவது வயதில் அது அவருக்கே வந்தது. வேறு யார் மேலும் இல்லை, சொந்த மச்சினன், மனைவியின் தம்பி மேல். அவரே கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டிக்கொண்டு போன மச்சினன்.

அந்த மாடிப்படி ஒரு டயர் கடையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறினால் நீளமான ஒரு கூடம். முன்பு அச்சகமாக இருந்த இடம். சுவரில் இன்னும் மசிக்கறை உண்டு. கூடம் முழுக்க மரப்பலகையில் செய்த பந்தயப் பாதை வளைந்து நெளிந்து கிடக்கும். ஒரு சுற்று இருபத்தெட்டு மீட்டர். பாதையில் நீளவாக்கில் வெட்டிய ஆறு காடிகள். ஒவ்வொரு காடியின் இரண்டு பக்கமும் மின்சாரம் ஓடும் பட்டை. உள்ளங்கை அளவுக் காரின் அடியில் ஒரு சின்ன நாக்கு. அது காடிக்குள் இறங்கி ஓடும். கையில் ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம், அவ்வளவுதான் வித்தை. ஆனால் வளைவில் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் கார் காடியை விட்டுப் பறந்துவிடும். அதை எடுத்துத் திரும்ப வைக்க வளைவுக்கு ஒருவர் நிற்க வேண்டும். அவரை மற்ற ஊர்களில் மார்ஷல் என்பார்களாம். இந்த கிளப்பில் 'தூக்கி' என்பார்கள். "இன்னைக்கு நான் ரெண்டாவது வளைவுக்குத் தூக்கி" என்று ஒரு பல் டாக்டர் பெருமையாகச் சொல்வதை அங்கே கேட்கலாம்.

கண்ணாடிக்காரர் பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுகிறார். கண்மணிக்கு நேர் எங்கே வரும் என்று ஒரு புள்ளி வைப்பார், கல்லில் ஓரத்தைத் தேய்ப்பார், சட்டத்துக்குள் அழுத்துவார். மயிரிழை தவறினால் போட்டவருக்குத் தலைவலி. டாக்டர் எழுதிய சீட்டில் இடது கண்ணும் வலது கண்ணும் மாறியிருந்தால் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். உடனே போன் போட்டு, "டாக்டர், தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்கிற மனிதர் என்று மனைவி சொல்வது வெறும் கேலி இல்லை.

கிளப்பில் வருடத்துக்கு ஒரு நாள் நெடுநேரப் பந்தயம். ஏழு அணி, அணிக்கு நான்கு பேர். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மாலை மூன்று இருபதுக்கு முடியும். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு ஓட்டமாக ஏழு ஓட்டம். நடுவில் மாறிக்கொள்ள ஐந்தைந்து நிமிடம். ஆறு காடியில் ஆறு அணி ஓட, ஒரு அணி உட்கார வேண்டும். உட்காரும் அணிதான் அந்த ஓட்டத்துக்குத் தூக்கி. வெளிக்காடி வேறு, உள்காடி வேறு. எல்லா அணியும் எல்லாக் காடியிலும் ஓடினால்தான் நியாயம். இதையெல்லாம் ஒரே தாளில் கட்டம் போட்டு அடைப்பது எளிதில்லை. பதினோரு வருடமாக அதைச் செய்தவர் கண்ணாடிக்காரர். பட்டியல் போடுகிறவர் அன்று எந்த அணியிலும் ஓட்டுவதில்லை. கடையில் பழசாகிப்போன கண் பரிசோதனை அட்டைகளின் பின்பக்கத்தில், பென்சிலும் அடிக்கோலும் வைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து போடுவார். அதைச் சுவரில் மாட்டும்போது இருபத்தெட்டு பேரும் வந்து அண்ணாந்து பார்ப்பார்களே, அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவர் மீதி வருடத்தை வாழ்ந்தார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

மூன்றாம் வருடம் மட்டும் ஒரு அணி ஒரே காடியில் இரண்டு தடவை ஓடிவிட்டது. அதைக் கிளப்பில் ஓட்டுகிற பேக்கரிக்காரர் இன்றுவரை மறக்கவில்லை. யாராவது எதையாவது இரண்டு தடவை சொன்னால், "மூணாம் வருஷம் மாதிரி ஆயிடுச்சே" என்பார். பேக்கரிக்காரர் நல்லவர்தான். வாய்தான் அடுப்பைவிடச் சூடு.

மச்சினன் நான்கு வருடம் முன்பு வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தான். பஸ் டெப்போவில் டூட்டி போடுகிற வேலை. நூற்று நாற்பது பஸ், அதற்கு டிரைவர், கண்டக்டர், லீவு, ஓய்வு எல்லாம் அவன் போடும் பட்டியலில்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறானே பாவம் என்று கண்ணாடிக்காரர்தான் கிளப்புக்கு அழைத்துப் போனார். விசையை எப்படிப் பிடிப்பது, டயரை எப்படித் துடைப்பது, வளைவுக்கு முன்னால் எந்த இடத்தில் விரலை எடுப்பது, எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டே வருடத்தில் மச்சினனின் கார் இவர் காரைவிட ஒரு சுற்றுக்கு அரை நொடி வேகம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். விரல் இளசு, ஓடட்டும் என்று விட்டார்.

பொறுக்க முடியாதது இந்த வருடக் கூட்டத்தில் நடந்தது. பேக்கரிக்காரர் எழுந்து, "பதினோரு வருஷமா ஒரே ஆள் தலையிலயே கட்டுறோம். இந்தத் தடவ டெப்போத் தம்பி போடட்டுமே. அவருக்கு இது கைவந்த கலை. பெரியவருக்குக் கொஞ்சம் ரெஸ்ட்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார். தட்டின கை இரண்டும் அவருடையவைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. 'பெரியவர்' என்ற சொல் வேறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மச்சினன் அன்றே வீட்டுக்கு வந்தான். "மாமா, உங்க பழைய அட்டையெல்லாம் குடுங்க. பாத்துட்டுப் போட்டாதான் எனக்கும் தைரியம்" என்றான். பதினோரு அட்டையையும் சுருட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"நீங்க எதுக்கும் அலைய வேண்டாம் மாமா. அன்னைக்கு எப்பவும் போல இருந்தா போதும்."

எப்பவும் போல இருந்தா போதும்! அன்று முழுக்க அந்த வார்த்தையை அவர் மென்றுகொண்டே இருந்தார். அதாவது உப்புக்குச் சப்பாணியாக ஒரு ஓரத்தில் இரு என்று அர்த்தம். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லு, டீ குடி, கை தட்டு, வீட்டுக்குப் போ. வளர்த்த கடா மார்பில் பாய்வதைக் கதையில்தான் கேட்டிருந்தார். இது செருப்பு மாட்டிக்கொண்டே பாய்ந்தது.

பந்தயத்துக்கு எட்டு நாள் முன்பு பட்டியல் எல்லோருக்கும் வந்தது. கலரில் அச்சடித்து, அணிக்கு ஒரு நிறமாக, மேலே பாதையின் படம், கீழே கட்டங்கள். கண்ணாடிக்காரர் கடையில் மதிய வேளை ஆள் இல்லாத நேரத்தில் அதை மேசையில் விரித்தார். அழகாக இருந்தது. அழகாக இருந்ததே முதல் எரிச்சல். எந்த அணியும் ஒரே காடியில் இரண்டு தடவை இல்லை. சாப்பாட்டு நேரம்கூட யாருக்கும் இடிக்காமல் வைத்திருந்தான். அவர் போட்ட ஒரு வருடத்திலும் சாப்பாடு நேரத்துக்கு நடந்ததே இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் குறையவில்லை.

பூதக்கண்ணாடி எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் கிடைத்தது.

படத்தில் வளைவு ஐந்து. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தான். கீழே தூக்கிகளின் கட்டத்தில் வரிசை நான்குதான். ஐந்தாவது வளைவு, ஒரு பாதையின் மேல் இன்னொன்று தாண்டும் சின்னப் பாலத்துக்கு அடியில் வரும் இறக்கம், அதற்கு ஆள் இல்லை. ஏழு ஓட்டத்திலும் இல்லை. கார் அதிகமாக விழுகிற இடமே அதுதான்!

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கண்ணாடிக்காரர் சிவப்புப் பென்சிலால் பாலத்தடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தார். ஒரு போன் போதும். 'மாப்ள, தப்பா நெனைக்காத' என்று ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பின் தெரியாத டாக்டருக்குப் போன் போடுகிறவர், மச்சினனுக்குப் போடவில்லை. பந்தயத்தன்று எல்லோர் முன்னாலும் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் அந்தத் தாளை மடித்து அலமாரிக்குள் வைக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க அது, செவப்பா வட்டம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டிருந்தேன்."

"உங்க முகத்தப் பாத்தா சும்மா மாதிரி தெரியலயே. பரிசு விழுந்த மாதிரி இருக்கு."

அவர் அலமாரியைச் சாத்தினார். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பு பிடிபடாத நோயாளியைக்கூட அவளிடம்தான் அனுப்புவார்கள். அவ்வளவு நிதானமான கை. அந்தக் கைதான் விசையிலும். கிளப்பில் பெண்கள் மூன்று பேர், நன்றாக ஓட்டுகிறவர்களிலும் மூன்று பேர், இரண்டு பட்டியலிலும் இருந்தது அவள் ஒருத்திதான். இந்தத் தடவை அவள் அணி முதலில் வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக அவள் காரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த எட்டு நாளும் கண்ணாடிக்காரர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். 'டெப்போவுல பஸ்ஸுக்கு டிரைவர் போட மறந்தாலும் இப்படித்தான் அனுப்புவீங்களா மாப்ள?' கடைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். 'போட மறந்தாலும்' என்பதில் அழுத்தமா, 'இப்படித்தான்' என்பதில் அழுத்தமா என்று முடிவாகவில்லை. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது மட்டும் முடிவானது.

பந்தய நாள் காலை கூடத்தில் டயர் எண்ணெய் வாசமும் டீ வாசமும் கலந்து அடித்தது. கண்ணாடிக்காரர் பின்சுவர் ஓரம், டீ பிளாஸ்க் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கை கட்டி உட்கார்ந்தார். சொன்னபடி இருந்துகாட்டுகிறேன், பார். தூக்கிகள் நான்கு பேரும் அவரவர் வளைவில் நின்றார்கள். மச்சினன் மின்சாரப் பொத்தானுக்கு அருகே நின்று கூடத்தை ஒரு சுற்று பார்த்தான். கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். இவரும் ஆட்டினார். எவ்வளவு தைரியம் பார் என்று நினைத்தார்.

ஒன்பது மணிக்கு விளக்கு பச்சையானது. ஆறு காரும் ஒன்றாகக் கத்தின. மனைவி சிவப்புக் காடியில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தாள். நான்காவது நிமிடம் பக்கத்துக் காடியிலிருந்த கார் ஒன்று வால் ஆட்டி அவள் காரை இடித்தது. அவள் கார் காடியை விட்டு எகிறிப் பாலத்தடியில் குப்புற விழுந்தது.

அவள் காரைப் பார்க்கவில்லை. பாலத்தடியில், சுவருக்கும் பாதைக்கும் நடுவில் ஆள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அங்கே எப்போதும் ஒரு கை நீளும். பதினோரு வருடமாக அவள் கார் அங்கே விழுந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கைதான் தூக்கி வைத்திருக்கிறது. இன்று அங்கே வெறும் சுவர். பின்னால் வந்த இரண்டு கார் அவள் கார் மேல் ஏறின. 'கரண்ட்! கரண்ட்!' என்று எல்லோரும் கத்த, மச்சினன் பொத்தானை அழுத்தினான்.

கூடம் அமைதியானது. கண்ணாடிக்காரர் எழுந்தார். தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் மச்சினன் திரும்பி, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டான்:

"மாமா, உங்க எடத்துல நீங்க நிக்கலயா?"

"என் எடமா?"

"பாலத்தடி."

பேக்கரிக்காரர் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். "தம்பி, பாலத்தடிக்கு நீ ஆளே போடலயேப்பா" என்றார்.

"மாமா அட்டையிலயும் இல்லையே அண்ணே. பதினோரு அட்டையும் பாத்தேன், ஒண்ணுலகூட பாலத்தடிக்கு ஆள் கெடையாது. அது மாமா நிக்கிற எடம்னு எல்லாருக்கும் தெரியும்ல? டெப்போவுல மேனேஜருக்கு டூட்டி எழுதுவாங்களா?" மச்சினன் இவர் பக்கம் திரும்பினான். "உங்ககிட்ட சொன்னேனே மாமா, எப்பவும் போல இருந்தா போதும்னு."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார் கண்ணாடிக்காரர். எல்லாம் உண்மை. பந்தயம் ஆரம்பித்ததும் அவர் பாலத்தடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து பார்த்தால்தான் சுற்றுக் கணக்குத் திரை நேராகத் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே, விழுகிற காரைக் கை தானாக எடுத்து வைக்கும். அதை ஒரு வேலை என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அதனால் அட்டையில் எழுதியதும் இல்லை. பட்டியலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிக் கண்டுபிடித்த தப்பு அவருடையதே. மச்சினன் அதை ஒரு புள்ளி பிசகாமல் நகல் எடுத்திருந்தான்.

"என் தப்புதான்" என்றான் மச்சினன் எல்லோரையும் பார்த்து. "வாயத் தொறந்து தெளிவா சொல்லியிருக்கணும். மன்னிச்சிக்குங்க."

அதையும் அவனே எடுத்துக்கொண்டான்! தப்பைக்கூட இவருக்கு விட்டுவைக்கவில்லை. அந்த நிலையிலும் அவருக்கு அதில்தான் முதல் பொறாமை வந்தது. பிறகுதான் மனைவியைப் பார்த்தார். அவள் கையில் அடி நாக்கு முறிந்த கார். அவள் அவரை, அவர் எழுந்து வந்த நாற்காலியை, மறுபடி அவரைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வட்டம் அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. காரை மேசைக்குக் கொண்டுபோய்த் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

மின்சாரம் திரும்பியது. கண்ணாடிக்காரர் பாலத்தடிக்குப் போய் நின்றார். அவள் காரைச் சரிசெய்து இறக்க ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் ஐம்பது சுற்று போய்விட்டது. பிறகு ஏழு ஓட்டமும் முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். சாப்பாடு குறித்த நேரத்துக்கு வந்தது. அணிகள் காடி மாறுவது தண்ணீர் ஓடுவதுபோல் நடந்தது. இப்படி ஒரு ஒழுங்கான பந்தயம் இந்தக் கூடத்தில் நடந்ததே இல்லை என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். மனைவியின் அணி ஒவ்வொன்றாக முந்திக்கொண்டே வந்தது. அவள் ஓட்டும்போது பாலத்தடியில் இரண்டு தடவை கார் விழுந்தது. இரண்டு தடவையும் இமைக்கும் நேரத்தில் தூக்கி வைத்தார். இரண்டு தடவையும் அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்று இருபதுக்குப் பந்தயம் முடிந்தபோது அவள் அணி இரண்டாவது. பதினோரு சுற்று குறைவு. பேக்கரிக்காரர் அணி முதலிடம். அவரே தலையைச் சொறிந்துகொண்டு, "இது எங்களுக்குத் தானா விழுந்ததும்மா" என்று அவளிடம் சொன்னார். எல்லோரும் மச்சினனுக்குக் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு மச்சினன் அவரிடம் வந்தான். மனைவி சற்றுத் தள்ளிக் காரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்தான் முதலில் பேசினார்.

"மாப்ள, பாலத்தடிக்கு ஆள் இல்லன்னு எனக்கு எட்டு நாள் முன்னாடியே தெரியும்."

மனைவியின் கை பெட்டி மேல் அப்படியே நின்றது.

மச்சினன் சிரித்தான். "உங்களுக்குத் தெரியாம இருக்குமா மாமா? உங்க எடமாச்சே. நான்தான் காலைல வந்து கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சிருக்கணும். விடுங்க. அடுத்த வருஷம் நீங்களே போடுங்க. நான் கூட நின்னு கத்துக்கறேன்."

எட்டு நாளாக, இல்லை, அந்தக் கூட்டம் நடந்த நாளிலிருந்து அவர் ஏங்கிய வார்த்தை அது. தட்டில் வைத்து நீட்டினான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, புரியாதது அவன் பாடு என்று உள்ளே ஒரு குரல் சமாதானம் சொன்னது.

"பாக்கலாம்" என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி பெட்டியைப் படக்கென்று மூடினாள்.

பஸ் நிறுத்தம் வரை அவள் இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். நிறுத்தத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"போட்டி போனா போகுது. என் தம்பிக்குப் புரியலன்னு தெரிஞ்சதும் உங்க முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

அவர் பெட்டியை எடுத்து நிறுத்தத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு, "பஸ் வந்தா நீ போ" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார். காலையிலிருந்து நின்ற கால், படிக்குப் படி வலித்தது. மேலே மச்சினன் தனியாகக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். மூலையிலிருந்து ஆரம்பித்து வரிசை தப்பாமல் பெருக்கினான். பாவி, பெருக்குவதைக்கூட எவ்வளவு ஒழுங்காகப் பெருக்குகிறான் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"நான் சொன்னது உனக்குப் புரியல மாப்ள. அது என் எடம்னு எனக்குத் தெரியாது. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். நெனச்சும் சொல்லல. எல்லார் முன்னாடியும் நீ அவமானப்படணும்னுதான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்."

மச்சினன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போனது.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர். "அதனாலதான் திரும்பி வந்தேன். இல்லன்னா வந்திருக்க மாட்டேன்."